சொன்னதைச் சொன்னபடி எழுதியவர்

அவர் எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தபோது நான் அவரை வெறுப்பதற்குத் தயாராக இருந்தேன். அதற்கு அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. முந்தின தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பிறகு ஏழு மாதம் நான்தான் பொறுப்பில் இருந்தேன். அந்த நாற்காலி எனக்குப் பழகிவிட்டது. எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது, அவருக்கு நாற்பத்திரண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்து முப்பத்தாறு வயதில் கணக்கு ஆசிரியரானவன் நான். அவர் இருபத்து மூன்றிலேயே வேலைக்கு வந்துவிட்டார். பணிமூப்புப் பட்டியல் யாருடைய நரையையும் பார்ப்பதில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற பக்கம், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் பேர் வேண்டாம். அவர் பேரும் வேண்டாம். எழுதினால், "இதை நான் இப்படிச் சொல்லலியே சார்" என்று போன் வரும்.

ஜூன் மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குடையை மடக்கி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார். சாவிக்கொத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் தலைமையாசிரியர் அறைக்குள் போகவில்லை. ஆசிரியர்கள் அறைக்கு வந்து, அங்கே ஓரமாகக் கிடந்த பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து காக்கி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தார்.

"ஒவ்வொருத்தரும் இங்கன என்ன வேலை செய்யுதீயன்னு சொல்லுங்க. என்ன சப்ஜெக்ட்டுன்னு கேக்கல. என்ன வேலை?"

உடற்கல்வி ஆசிரியர், நாங்கள் பி.டி. சார் என்று கூப்பிடுகிறவர், முதலில் சொன்னார்: "மணி அடிக்கேன். வரிசையில நிப்பாட்டுதேன். யாராவது லீவு போட்டா அந்தக் கிளாஸை மேய்க்கேன்."

அவர் எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. மற்றவர்களைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

"பத்தாப்புல பெயிலாப் போற பிள்ளையை ஜூன் மாசமே கண்டுபிடிக்கது என் வேலை டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுதி முடித்துவிட்டு, எழுதினதை நிதானமாக வாசித்தார்: "'பத்தாப்புல பெயிலாப் போற பிள்ளையை ஜூன் மாசமே கண்டுபிடிக்கது என் வேலை.' இப்படித்தான சொன்னீய சார்?"

குத்தலாகக் கேட்கவில்லை. கடைக்காரர் பட்டியலைச் சரிபார்ப்பதுபோலத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று முழுவதும் அந்த வாக்கியம் காதில் கிடந்து உறுத்தியது.

எச்.எம். டீச்சர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் குணம் அதுதான். நாம் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். ஒரு வார்த்தை கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். எழுதினதை நம்மிடமே திரும்ப வாசித்துக் காட்டுவார். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வரும். அவரிடமும் இதே கதைதான். "கார்த்திகைக்கு லீவு கிடைக்கும்னீயளா, கிடைக்கலாம்னீயளா? ரெண்டும் ஒண்ணு இல்லல்லா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் தயிர்சாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்போம்.

ஒருநாள் ஒரு தகப்பனார் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். பி.டி. சாரைப் பற்றி, அவரைப் பெற்றவர்களைப் பற்றி, எங்கள் எல்லாரையும் பற்றி, அச்சில் போட முடியாத வார்த்தைகள். நான் அலுவலக உதவியாளரைக் கூப்பிட எழுந்தேன். எச்.எம். டீச்சர் என்னைக் கையமர்த்திவிட்டு, நாற்காலி போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, நோட்டை விரித்தார்.

"கொஞ்சம் பைய சொல்லுங்கண்ணாச்சி. எழுத முடியல."

அந்த மனுஷன் திகைத்துப்போனார். ஆனாலும் கோபம் விடவில்லை, சொன்னார். எல்லாவற்றையும் எழுதி முடித்து, இவர் வாசிக்க ஆரம்பித்தார். காலைப் பிரார்த்தனையில் திருக்குறள் வாசிக்கிற அதே குரலில் அந்த வசவுகளை ஒவ்வொன்றாக. மூன்றாவது வரியிலேயே அந்த மனுஷன் நெளிந்துவிட்டார்.

"டீச்சர், அந்த வார்த்தையை அடிச்சிருங்க."

"அடிச்சிட்டேன்."

"அதுக்கு மேல உள்ளதையும்."

அடித்து அடித்து, கடைசியில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது: 'எம் மவன் முட்டு வீங்கி மூணு நாளா நொண்டுதான்.' அதை மறுபடி வாசித்ததும் அந்தத் தகப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பி.டி. சாரைக் கூப்பிட்டார்கள். மழையில் வழுக்கின மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டவர் அவர்தான். பையனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் பைக்கிலேயே தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

இந்தக் குணம் எப்போதும் நல்லதாக முடியவில்லை. எங்கள் தமிழ் ஆசிரியை ஒருநாள் பேச்சுவாக்கில், அறிவியல் டீச்சர் புது வீட்டைப் பார்க்கப் போவதற்கென்றே விடுப்பு எடுக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். எச்.எம். டீச்சர் அதையும் எழுதியிருந்தார். யார் எதற்கு விடுப்பு எடுக்கிறார்கள் என்ற பேச்சு கூட்டத்தில் வந்தபோது, ஒரு விகற்பமும் இல்லாமல் வாசித்தும் விட்டார். அறிவியல் டீச்சர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தமிழம்மா அழுதுகொண்டே எழுந்து போனவர், இரண்டு நாள் வரவில்லை.

சனிக்கிழமை எச்.எம். டீச்சர் பஸ் பிடித்து, பண்பொழியில் இருந்த தமிழம்மா வீட்டுக்கே போயிருக்கிறார். தமிழம்மாதான் பிறகு சொன்னார்: "கதவைத் திறந்தா நனைஞ்சுபோய் நிக்காவ. 'நான் செஞ்சது தப்பு. என்னை என்ன சொல்லணுமோ சொல்லுங்க, எழுதமாட்டேன்'ங்காவ. நோட்டைக் கொண்டாரவே இல்ல. நான் என்னத்தைச் சொல்ல? காபி போட்டுக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு எழுதுமுன் "இதை எழுதலாமா?" என்று கேட்கிற வழக்கம் வந்தது.

ஜூலையில் மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை. ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர்கள், பணியாளர்கள் எல்லாரும் கலந்து பேசி, பள்ளிக்கென்று ஒரு தொலைநோக்கு எழுதி அனுப்பவேண்டுமாம். எனக்கு இது புதிதில்லை. முன்பும் ஒருமுறை கேட்டார்கள். கடலோரத்தில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவரிடமிருந்து வாட்ஸப்பில் வாங்கி, பள்ளிப் பெயரை மட்டும் மாற்றிப் பத்து நிமிடத்தில் அனுப்பினேன். அந்த நகல் கோப்பில் இருந்திருக்கிறது. எச்.எம். டீச்சர் அதைக் கூட்டத்தில் வாசித்தார்.

"'மீனவச் சமுதாயக் குழந்தைகளின் கடல்சார் அறிவை வளர்த்தெடுப்போம்.' நம்ம ஸ்கூல்ல கடல் எங்கன இருக்கு சார்?"

"குத்தாலத்துல தண்ணி விழுகுல்லா டீச்சர்" என்றார் பி.டி. சார். எச்.எம். டீச்சரும் சேர்ந்து சிரித்தார். நானும்தான். காது மட்டும் சுட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று. பதினோரு பேர். அவரையும் சேர்த்து எட்டு ஆசிரியர்கள், அலுவலக உதவியாளர் ஒருவர், துப்புரவுப் பணியாளர் மாரியம்மா, சத்துணவுச் சமையல்காரர் செல்லத்தாயி. சீசன் நேரம். குற்றாலம் ரோட்டில் நாலரை மணிக்கு மேல் பஸ் நகராது. எல்லாரும் முணுமுணுத்தோம். அவர் டீயும் சுடச்சுட உளுந்தவடையும் வாங்கி வைத்தார். வடை இருந்ததால் முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்தது.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தேறவில்லை. பி.டி. சார் மைதானத்துப் புல்லை வெட்டவேண்டும் என்றார். தமிழம்மா ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். அறிவொளி, அறநெறி, ஆளுமை என்று அடுக்கடுக்காக இருந்தது. எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. எச்.எம். டீச்சர் மாரியம்மா பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாரியம்மா. "கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. யாரு வீட்டுக் கலியாணம்னுதான் தெரியல."

தமிழம்மாவே சிரித்துவிட்டு அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

நாலாவது வெள்ளிக்கிழமை செல்லத்தாயியின் முறை. "எனக்கென்ன டீச்சர் தெரியும்? நான் சோறு பொங்குதவ" என்றார். எச்.எம். டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.  யாராவது ஒருவர் தாங்கமாட்டாமல் பேசித்தான் ஆகவேண்டும்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் செல்லத்தாயி. "ஜூன்ல ரெண்டு அண்டா வடிக்கேன். தை பொறந்தா ஒரு அண்டாவும் ஒரு சட்டியும் போதும்னு ஆயிருது. வருசா வருசம் இதான். அந்தச் சட்டிக்கும் அண்டாவுக்கும் நடுவுல உள்ள பிள்ளைய எங்கன போகுது? யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. தெனமும் அரிசி அளக்கும்போது நெனப்பேன்."

"இதை எழுதலாமா?"

"எழுதுங்க."

எழுதி, வாசித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அனுப்பினது நான்.

பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடுவேன். திட்டமாட்டேன். நாற்காலியில் உட்காரவைத்து, இங்கே இருந்தால் பெயில்தான் ஆவான், டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேருங்கள், இல்லையென்றால் தனித்தேர்வாக எழுதட்டும் என்று தன்மையாகச் சொல்லுவேன். பரீட்சைக்குப் பேர்ப்பட்டியல் அனுப்புமுன் பட்டியல் சுத்தமாகிவிடும். ஆறு வருஷம் தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் என் படத்தோடு பிளெக்ஸ் போர்டு. பக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த வருஷப் பட்டியலும் என் சட்டைப்பையில் தயாராக இருந்தது. முதல் பேர் பேச்சியம்மாள். அருவிக்கரையில் பழக்கடை போட்டிருக்கிற பெண்ணின் மகள். சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வந்தாலே அதிகம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பிள்ளைகளை வச்சிக்கிட்டா ரிசல்ட்டு என்ன ஆவும்னு யாராவது யோசிச்சீயளா? நாளைக்கு மெமோ வந்தா இந்தச் செல்லத்தாயியா பதில் சொல்லுவா?"

செல்லத்தாயி தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சர், நீங்க என்ன நெனைக்கீய? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்று எச்.எம். டீச்சரைக் கேட்டேன்.

"நான் கடைசில சொல்லுதேன் சார். நான் இப்பச் சொல்லிட்டா மத்தவங்க அதையே சொல்லிருவாங்க."

ஆகஸ்ட் பாதியில் நாலு வரி தேறியது. இங்கே சேர்ந்த பிள்ளையை நாங்களாக அனுப்பமாட்டோம். வராத பிள்ளையைத் தேடிப் போவோம். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும். மதியம் ஓர் ஆசிரியராவது பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கடைசி வரி மாரியம்மா சொன்னது.

பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

அனுப்பவேண்டிய கடைசித் தேதி போயிற்று. மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பிறகு மெமோவும் வந்தது. அவர் என் பேரை எங்கும் சொல்லவில்லை. "இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம் சார்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் அவர் அறைக்கே போய், "என் கையெழுத்து இல்லன்னா என்ன? அனுப்பிர வேண்டியதுதான டீச்சர்?" என்றேன்.

"அனுப்பலாம் சார். ஆனா பத்தாப்புக்குக் கணக்கு எடுக்கவரு சேராம அந்த மொத வரிக்கு என்ன அர்த்தம்? டி.சி. வாங்கச் சொல்லுதது நீங்கதான."

 எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். அருவியில் குளிக்கப் போனோம். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் வற்புறுத்தியதால் நானும் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தேய்க்க வந்தவனுக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். தலையில் எண்ணெயை வைத்து உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தவன், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்:

"சார், என்னைத் தெரியலையா? இசக்கிமுத்து. ஒங்ககிட்டதான் படிச்சேன்."

எனக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரித் தலையாட்டினேன்.

"பத்தாப்புல பாதிலேயே நின்னுட்டேன் சார். நீங்க எங்கப்பாவைக் கூப்பிட்டுப் பேசினீய."

தோளை அழுத்திக்கொண்டிருந்தது அவன் கை. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"எங்கப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவ்வளவு பெருமையாச் சொன்னாவ. 'கணக்கு சார் என்னைச் சேர்ல உக்காரவச்சு, வாங்க போங்கன்னு மரியாதையாப் பேசுதாரு'ன்னு. வேற ஸ்கூல்ல சேக்கத்தான் சொன்னீய. நாங்கதான் சேக்கல. அலையதுக்கு யாரு இருக்கா? எனக்கும் மண்டையில ஏறல. நீங்க நல்லாத்தான் சார் நடத்துவீய. கண்ணை மூடிக்கோங்க, எண்ணெய் எறங்குது."

கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல பக்குவமான கை. முதுகு, விலா, புஜம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பேன். அருவிக்குள் போய் நின்ற பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. மைத்துனர் வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நானாகவே இதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எச்.எம். டீச்சர் பேனாவை எடுக்கவில்லை. "இதை நான் எழுதல சார்" என்றார். காகிதத்தை மட்டும் என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு செல்லத்தாயியிடம், "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"அதைவிடுங்க சார். வடை ஆறுது" என்றார் அவர்.

அப்போதுதான் எச்.எம். டீச்சர் தன் பேச்சைப் பேசினார். திருவேங்கடம் பக்கம் ஓர் ஊரில் அவர் ஆங்கில ஆசிரியையாக இருந்தபோது அங்கேயும் இதே வழக்கம். ஒரு கூட்டத்தில் நாலு பிள்ளைகளின் பேரை வாசித்து, 'எல்லாருக்கும் சம்மதமா?' என்று கேட்டார்களாம்.

"எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அதுல ஒரு பிள்ளை என் கிளாஸு. இங்கிலீஷ்ல அறுபது வாங்குவா. கணக்குதான் வராது. மறு மாசமே தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டா. அன்னைக்கு நான் தலையாட்டினதுக்குப் பதிலா வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ஒண்ணும் தோணல. சொல்லிப் பழக்கமே இல்லல்லா."

அவ்வளவுதான் சொன்னார். காகிதம் மறுநாள் போயிற்று. தாமதமாக அனுப்பியதற்கு இன்னொரு மெமோ வந்தது.

எழுதுவது சுலபம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டியலில் இருந்த ஒன்பது பிள்ளைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். பேச்சியம்மாள் எனக்கு. கார்த்திகை பிறந்து சபரிமலைக்குப் போகிற கூட்டம் வந்ததும் அவள் மறுபடியும் வருவதை நிறுத்தினாள். சாயங்காலம் கடைக்கே போனேன். அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "சார், இவ யாவாரத்தைப் பாப்பாளா, ஒங்க கணக்கைப் பாப்பாளா? இந்தக் கூட்டத்துல நான் ஒத்தையில என்ன செய்வேன்?" என்றார். நியாயம்தான். திரும்பி வந்து பி.டி. சாரிடம் சொன்னேன்.

மறுநாள் அவர் என்னோடு வந்தார். நான் பேச்சியம்மாளைக் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்காரவைத்துக் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருக்க, முன்னால் பி.டி. சார் நின்று கொய்யாவும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்றார். "வரிசையில வாங்க சாமி! இடிக்கக் கூடாது! ஒவ்வொருத்தரா வாங்க!" அவர் அதட்டலுக்கு ஐயப்பசாமிகள் நிஜமாகவே வரிசையில் நின்றார்கள். பேச்சியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. தை வரை வாரத்துக்கு மூன்று நாள் அப்படிப் போனோம். ஒருநாள் எச்.எம். டீச்சரும் வந்து, சிப்ஸ் பொட்டலம் கட்டினார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஒன்பதில் ஏழு தேறினார்கள். பேச்சியம்மாளும் இன்னொரு பையனும் கணக்கில் தவறினார்கள். ஆறு வருஷம் வாசலில் தொங்கின பிளெக்ஸை நானே அவிழ்த்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும், தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை மாவட்ட அலுவலகத்துக்கு வரச்சொல்லி உத்தரவு. "நான் போயிட்டு வாரேன், நீங்க வேலையைப் பாருங்க" என்றார் எச்.எம். டீச்சர். "கையெழுத்து நாங்களுந்தான் போட்டிருக்கோம்" என்று தமிழம்மா சொல்லிவிட்டார். தமிழம்மா, பி.டி. சார், நான், மூன்று பேரும் விடுப்புப் போட்டுவிட்டு உடன் போனோம்.

அதிகாரி ஒவ்வொரு பள்ளியாக எழுப்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்ததும் எச்.எம். டீச்சர் எழுந்தார். "நூறு பர்சன்ட் ஸ்கூலு. நீங்க வந்த வருஷமே இப்படி. என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார் அதிகாரி. டீச்சர் பேசுமுன் பின்வரிசையில் நான் எழுந்துவிட்டேன்.

"கணக்கு நான்தான் சார் எடுக்கேன். அந்த நூறு பர்சன்ட்டும் நான் வாங்கினதுதான். பெயிலாப் போற பிள்ளைகளை முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிட்டு வாங்கினேன். இந்த வருஷம் யாரையும் அனுப்பல. அதான் இப்படி."

 சில தலைமையாசிரியர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எழுத்து மூலமா விளக்கம் குடுங்க. உட்காருங்க" என்றார். பாராட்டவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அடுத்த பள்ளியை எழுப்பினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எச்.எம். டீச்சர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "அங்கன சொன்னதை எழுதிக்கிடலாமா சார்?" என்று கேட்டார்.

"எழுதிக்கோங்க" என்றேன். குலுங்குகிற பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போயிருக்கும்.

துணைத்தேர்வில் பேச்சியம்மாள் தேறினாள். தென்காசியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அந்தப் பையன் பரீட்சைக்கு வரவேயில்லை. அவனைத் தேடி அவன் வீட்டுக்கு மூன்று முறை போனோம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனை எங்களால் பிடிக்க முடியவில்லை.

மறு வருஷம் கலந்தாய்வில் எச்.எம். டீச்சர் சங்கரன்கோவில் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். மாமியாருக்கு முடியவில்லை, கூட இருக்கவேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. போகிற அன்று செல்லத்தாயி பால்பாயசம் வைத்தார்.  

அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். பங்குனி மாதம், பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்குவதற்கு முந்தின வாரம், தென்காசி பஸ் நிலையத்தில். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "எத்தனை பேர் எழுதுதாங்க சார்?"

"சேந்த எல்லாரும் எழுதுதாங்க."

"தேறுவாங்களா?"

"தெரியல டீச்சர். பயமாத்தான் இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு சார், அந்த வருஷம். ஒங்ககிட்ட காட்டிக்கிடல."

புதுப் பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்பது மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். இன்னும் ஒரு வரிகூட எல்லாருக்கும் ஒத்து வரவில்லை. ஓர் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்து உட்கார்கிறார், ஆனால் வாயே திறப்பதில்லை.

"கணக்கா?" என்றேன்.

"இல்ல, இங்கிலீஷு." சிரித்தார். "ஒங்களுக்கு மேல இருக்காரு சார். நீங்களாவது சண்டை போட்டீய."

"என்ன செய்யப் போறீய?"

"என்ன செய்ய? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வடை வாங்கி வைக்கேன். நல்லாத்தான் சாப்பிடுதாரு."

சங்கரன்கோவில் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வளைந்து வெளியே போகிற வரை நின்று பார்த்தேன். முன்பின் தெரியாத அந்த இங்கிலீஷ் வாத்தியாரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமைதான் தாங்குவார் அந்த மனுஷன்.